சீமை எலிக்கு உப்பு ஒத்தடம்

எனக்கு வயசு எழுபத்துமூன்று. பெற்று வளர்த்தது ஐந்து பிள்ளைகள், ஐந்தும் நல்லபடியாக இருக்கிறார்கள். வளர்த்த ஆட்டுக்கும் கோழிக்கும் கணக்கே கிடையாது. ஒரு வருஷம் முயல்கூட வளர்த்தேன். என் கையில் வந்த உசிரு பாதியில் போனதில்லை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் நான் சொல்ல வைப்பேன். அதெல்லாம் பழைய கதை. இந்த மார்கழியில், வீட்டுக்கு வெளியே, உப்பளத்துக் காற்றில், கினி பிக் என்கிற ஒரு ஜீவனை வைத்து வளர்த்துக் காட்டினேனே, அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். 

நான் பள்ளிக்கூடம் போனது மூணாங்கிளாஸ் வரைக்கும்தான். எழுத்து மெதுவாகத்தான் வரும், பெரிசு பெரிசாகத்தான் வரும். வரட்டும். எனக்கு என்ன பஸ்ஸா புறப்படுகிறது?

கினி பிக் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெருச்சாளி அளவு இருக்கும், ஆனால் பெருச்சாளி முகத்தில் இருக்கிற திருட்டு முழி இதுக்குக் கிடையாது. வால் கிடையாது. காது ரெண்டும் வாடின பூ இதழ் மாதிரி மடங்கித் தொங்கும். புல்லும் கீரையும்தான் தின்னும். கேரிபேக் சத்தம் கேட்டால் போதும், தீனி வருகிறது என்று ‘வீக் வீக்’ என்று விசில் அடிக்கும். காலை வெயில் முதுகில் பட்டுவிட்டால் நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எகிறும், சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி. எங்கள் தெருவில் இதுக்குச் சீமை எலி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தீபாவளி முடிந்த கையோடு என் சின்ன மகன் பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வந்தான். பின்னால் பேத்தி, ஒரு கம்பிக் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கூண்டுக்குள் ரெண்டு. ஒன்று கறுப்பும் வெள்ளையும், இன்னொன்று காப்பிக் கலர். அவர்கள் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா, நாய் பூனை எலி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே இது? எலியப் புடிச்சி வால வெட்டி உட்டுட்டானுங்களா?”

“தாத்தா, எலி இல்ல. கினி பிக்.”

“பிக்குன்னா பன்னியாச்சே.”

“பன்னியும் இல்ல தாத்தா.”

“எலியும் இல்ல, பன்னியும் இல்ல. ஒண்ணுமே இல்லாதத எதுக்குடா பைக்ல வச்சி இட்டுனு வந்த?”

மகன் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். இவ ரெண்டு நாளா சோறு திங்கல. பொங்கல் வரைக்கும் நீ வச்சிப் பாரு. மழை, குளிருன்னு ஏதாச்சும் ஆயி ஒண்ணு போச்சுன்னா, மிச்சத்தக் கடையில குடுத்துடுவேன். இவகிட்டயும் சொல்லிட்டேன்” என்றான்.

சொல்லிவிட்டான் என்பது பேத்தியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூண்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, “ஆயா” என்று மட்டும் சொன்னாள். 

நான் அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். “பொங்கலுக்கு வந்து எண்ணிப் பாரு. ரெண்டும் முழுசா இருக்கும்.”

கட்டிலிலிருந்து ஒரு குரல். “மார்கழி வாடைக்கு என் எலும்பே தாங்கல. இவ எலிக்கு ஜாமீன் குடுக்குறா.”

நான் சொன்னது சொன்னதுதான்.

குளிர் என்றதும் சென்னையில் இருக்கிற என் பெரிய மகள் சிரிப்பாள். “நம்ம ஊர்ல எங்கம்மா குளிரு?” என்பாள். அவள் உப்பளத்து ஓரத்தில் பிறந்து வளர்ந்ததை மறந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டாய், அதுக்குப் பின்னால் பாத்தி, பாத்திக்குப் பின்னால் பாத்தி, அப்படியே கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி. ஒரு மரம் கிடையாது, ஒரு மதில் கிடையாது. கார்த்திகை பிறந்துவிட்டால் கடலிலிருந்து கிளம்புகிற வாடைக்காற்று, தடுக்க ஆளில்லாமல் நேராக வந்து எங்கள் கொட்டாயில்தான் முட்டும். சும்மா காற்றும் இல்லை, ஈரத்தையும் சுமந்துகொண்டு வரும். கொடியில் போட்ட துணி மூணு நாளைக்குக் காயாது.

வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்கு இளைப்பு. தலையணைப் பஞ்சு பறந்தாலே நெஞ்சு இழுக்கும். எங்களுக்கு இருப்பது ஒரே அறையும் ஒரு சமையல் இடமும். இதுங்களின் மயிரும் வைக்கோல் தூசியும் உள்ளே வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான். ஆக, வெளியில்தான் இருந்தாக வேண்டும்.

நான் கொட்டாயை ரெண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கே காற்று கம்மி என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். சமையல் இடத்துச் சுவரின் வெளிப்பக்கம் அகப்பட்டது. உள்ளே அடுப்பு எரிகிற சுவர் அது, தொட்டுப் பார்த்தால் மதியம் வரைக்கும் வெதுவெதுப்பு இருக்கும். அங்கே செங்கல் அடுக்கி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அவர் உப்பளத்துச் சாமான் போட்டு வைத்திருந்த மரப்பெட்டியைக் காலி பண்ணி ஏற்றினேன்.

“என் பெட்டிய எவன்மே கேட்டான்?”

“நான்தான் கேட்டேன். நானே குடுத்துட்டேன்.”

பெட்டியின் முதுகு கடலுக்கு, முகம் மேற்கே. முகத்துக்குக் கம்பி வலை. சாயங்காலம் ஆனால் வலைமேல் இறக்கிவிட ஒரு பழைய கம்பளி. உள்ளே உள்ளங்கை முழுகும் அளவுக்கு வைக்கோல், அதன்மேல் காய்ந்த புல்.

அதோடு விடவில்லை. மீன் விற்க வருகிறவளிடம் ரெண்டு பழைய தெர்மாகோல் பெட்டி கேட்டேன். ஐஸ் போட்டு மீன் வைப்பார்களே, அந்தப் பெட்டி.

“இன்னாக்கா, மீன் யாவாரத்துல எறங்கிட்டியா?”

“சீமை எலிக்குக் குளிருதும்மா.”

“அய்ய, இது ஜில்லுன்னு வைக்கிற பொட்டிக்கா!”

“ஐஸு கரையாம உள்ள வைக்குதில்ல, அதே மாதிரி சூட்டையும் போவாம வைக்கும். குடுத்துட்டுப் போ.”

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். அதை வெட்டிப் பலகைக்கு வெளிப்பக்கமாக மூணு பக்கமும் கட்டினேன். உள்ளே கட்டினால் கொறித்துத் தின்றுவிடும். அந்தப் புத்தி எனக்கு இருந்தது.

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. ரெண்டும் ஜம்மென்று இருந்தன. தினமும் சாயங்காலம் பேத்தி போனில் முகம் காட்டச் சொல்லிக் கேட்பாள். நான் போனைப் பெட்டிக்குள் நீட்டுவேன். அதுங்க போனை மோந்து பார்க்கும், அங்கே அவள் குதிப்பாள்.

இதற்கிடையில் காப்பிக் கலருக்கு வயிறு பருக்க ஆரம்பித்தது. தீனி அதிகம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஐந்து பெற்ற எனக்கு அந்த நடை தெரியாதா? பின்பக்கத்தை அகட்டி, மெதுவாக, யாரும் தொடாதே என்கிற மாதிரி ஒரு நடை. மறுநாளே ரெண்டையும் பிரம்புக் கூடையில் வைத்துத் துணி கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து மரக்காணம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் கூடைக்குள் விசில்.

“இன்னா ஆயா, கூடையில டிராபிக் போலீச வச்சிருக்கியா?” என்று ஆட்டோக்காரப் பையன் கேட்டான்.

டாக்டரம்மா சின்ன வயசு. ரெண்டையும் தூக்கிப் பார்த்தாள். “பாட்டிம்மா, இது ஆண், இது பெண். வயித்துல குட்டி இருக்கு. பொங்கலை ஒட்டிப் போடும்.”

“கடைக்காரன் ரெண்டும் பொட்டைன்னு சத்தியம் பண்ணி வித்தானாம்மா!”

அவள் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். கொய்யாப்பழமும் கொத்தமல்லியும் தினமும் கொடுக்கணும். குட்டி போடுவதற்கு முன்னால் ஆணைப் பிரித்துவிடணும், இல்லாவிட்டால் போட்ட அன்றைக்கே மறுபடியும் சினையாகிவிடும், பாவம் உடம்பு தாங்காது. கடைசியாக ஒரு வார்த்தை சொன்னாள். “பாட்டிம்மா, நம்ம ஊர்க் குளிர் இதுக்குப் பரவாயில்ல. ஈரம்தான் ஆகாது. ஈரமும் காத்தும் சேர்ந்தா சளி புடிச்சிடும், சினையா இருக்கிறது தாங்காது. காய்ஞ்சு இருக்கணும். அத மட்டும் பாத்துக்குங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்தார். பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கொட்டாய்க்கு வந்து, கம்பி வலைக்குள் குனிந்து பார்த்தார்.

“வயித்துப் புள்ளக்காரியா நீ?” என்று காப்பிக் கலரைக் கேட்டார். அது ‘குர்ர்’ என்றது. அவ்வளவுதான், மனுஷர் உருகிவிட்டார். அன்றிலிருந்து தினமும் துண்டைக் கட்டிக்கொண்டு ஆஜர். பெட்டிக்கு நடுவில் வலையடித்து ஆணை அந்தப் பக்கம் பிரித்துவிட்டது அவர் வேலைதான். “பாவம், ஒண்ண ஒண்ணு பாத்துக்கட்டும், சூடும் பரவும்” என்று பலகை வைக்காமல் வலை வைத்தார். ரெண்டும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

மார்கழி பாதிக்குமேல் வாடை தலைகால் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தது. வானம் மூடிக்கொண்டு சாரல் வேறு. ஒரு நாள் சாயங்காலம் அவர் பரணிலிருந்து ஒரு சாக்குக் கட்டு இறக்கினார். அந்தக் காலத்துக் கோணிச் சாக்குகள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு, இது நல்ல தடித்த சணல். உப்பு மூட்டை பிடித்த சாக்கு. இருபது வருஷமாக யாருக்கும் தராமல் வைத்திருந்தவர்.

“இத உடச் சூடு ஒலகத்துல கெடையாது மே” என்று சொல்லி, பெட்டியைச் சுற்றி ரெண்டு சுற்று சுற்றிக் கட்டினார். உள்ளேயும் ஒன்றை மடித்து மெத்தை மாதிரி போட்டார். நானும்தான் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தேன். முடித்துவிட்டு ரெண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருந்தது.

“உன் தெர்மாகோலு எங்க, என் கோணி எங்க” என்றார்.

விடிந்து போய்ப் பார்க்கிறேன், சாக்கு சொட்டுகிறது. மழை விழுந்த சொட்டு இல்லை. கொட்டாய்க்குள் மழை வராது. சாக்கே ஊறி, பிழிந்தால் தண்ணீர் வருகிறது. உள்ளே போட்ட மெத்தையும் அதே கதி, வைக்கோல் எல்லாம் சதசதவென்று. கறுப்பு வெள்ளை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. காப்பிக் கலர் மயிரெல்லாம் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. கேரிபேக்கைக் கசக்கினேன். விசில் வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பு! மழைக்காலத்தில் அடுப்படி ஜாடி உப்பு கசிந்து தண்ணீராக நிற்பதை நாங்கள் பார்க்காததா? பிறந்ததிலிருந்து உப்பிலே கிடந்தவர்கள் நாங்கள். அவர் வாரிக் குவித்தவர், நான் தலையில் சுமந்தவள். அந்தச் சாக்கின் நூலுக்கு நூல் உப்பு ஏறியிருக்கும், ஈரக்காற்று பட்டால் அத்தனையும் தண்ணீரை இழுக்கும். இதை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளை சொல்லும். ஈரம் ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஈரத்தையே கொண்டுவந்து சுற்றிக் கட்டியிருக்கிறோம். போதாததுக்கு உப்பை நக்கி நக்கித் தண்ணீர்ப் பாட்டிலையும் காலி பண்ணி வைத்திருந்தன.

“யோவ்! இங்க வாய்யா! ஒன் ஒலகத்துல இல்லாத சூட்ட வந்து பாரு!” என்று போட்ட சத்தத்தில் ஆடு ரெண்டும் எழுந்து நின்றுவிட்டது.

அவர் வந்தார். சாக்கைத் தொட்டார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். 

நான் காப்பிக் கலரை எடுத்துப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, அடுப்பு முன்னால் உட்கார்ந்து துடைத்தேன். வயிற்றுக்குள் குட்டிகள் அசைவது என் கைக்குத் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. கொத்தமல்லியை வாயருகில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பேத்தியின் முகம்தான் எனக்கு எதிரில் வந்து நின்றது.

அவர் அடுப்படிக்கு வந்தார். என்னைக் கேட்காமலே இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, ஜாடியிலிருந்து கல் உப்பை அள்ளிக் கொட்டினார்.

“இன்னா பண்ற? இன்னும் உப்பு பத்தலியா?”

“நீ இடுப்பு வலின்னு கெடந்தப்ப இன்னா குடுத்தேன்?”

உப்பு ஒத்தடம். அளத்தில் வேலை பார்க்கிற எல்லா வீட்டிலும் உண்டு. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வலிக்கிற இடத்தில் வைத்தால், சூடு சீக்கிரத்தில் இறங்காது. வறுக்க வறுக்க அதில் இருக்கிற ஈரமும் ஓடிவிடும். சட்டியில் உப்பு படபடவென்று வெடித்தது. இந்தத் தடவை அவர் மறக்கவில்லை. வறுத்த உப்பை எவர்சில்வர் டிபன் டப்பாவில் கொட்டி, இறுக்கி மூடி, தன் பழைய வேட்டியைக் கிழித்து மூணு சுற்று சுற்றினார். “காத்தும் படாது, நாக்கும் படாது” என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஈரம் துடைத்த பெட்டியில் புது வைக்கோல் போட்டு, காப்பிக் கலர் பக்கம் ஓரமாக அந்த டப்பாவை வைத்து, ரெண்டையும் வலைக்கு அதனதன் பக்கம் விட்டேன். எட்டிப் போக இடமும் விட்டேன், சூடு ஜாஸ்தியானால் நகர வேண்டுமே. காப்பிக் கலர் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் ஒவ்வொரு காலாக வைத்துப் போய், டப்பாமேல் வயிற்றைச் சாய்த்து உட்கார்ந்தது. நான் அங்கேயே மணைபோட்டு உட்கார்ந்துவிட்டேன். சோறு பொங்கவில்லை. ஆட்டை அவிழ்க்கவில்லை.

அவர் திரும்பி வந்தார், சைக்கிள் கேரியர் நிறையப் பச்சைப் பனையோலை.

“அளத்துலயே கெடக்குமே ஓலை. இம்மாம் நேரம் எங்க போன?”

“அளத்து ஓலைல உப்பு இருக்கும். ஏரிக்கரைல வெட்டுனேன். ஒரு தபா பட்டது போதாது?”

மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்துக்கு ஓலை மூடுவதில் எங்கள் பக்கத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதில் மட்டும் நானே ஒத்துக்கொள்வேன். கீழ் வரிசை முதலில், அதன்மேல் பாதி ஏறினாற்போல அடுத்த வரிசை, காற்று வருகிற பக்கம் கனமாக, எதிர்ப்பக்கம் மெலிசாக. மலை மாதிரிக் குவித்த உப்பு புயல் மழையில் கரையாமல் நிற்பது அந்த ஓலையால்தான். அதே மாதிரி பெட்டிக்கு மூடினார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஓரமாக ரெண்டு விரல் இடைவெளி விட்டார்.

“அத ஏன் உட்டுட்ட? அடை.”

“உள்ள மூச்சு உடுது இல்ல மே. அந்த ஆவி வெளிய போவலன்னா மறுபடியும் உள்ள வேர்த்துக் கொட்டும். அம்பாரத்துக்கும் உடுவமே, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் முகத்தில் காலையிலிருந்து கிடந்த இருட்டு அப்போதுதான் விலகியிருந்தது.

உச்சிப்பொழுது தாண்டியது. கொத்தமல்லியை மறுபடியும் வாயருகில் வைத்தேன். மூக்கு ஆடியது. ஒரு இலையைக் கடித்தது. இன்னொன்று. அப்புறம் தண்டோடு இழுத்தது பாருங்கள், என் கையிலிருந்து வெடுக்கென்று!

“தின்னுது! யோவ், தின்னுதுய்யா!”

“தெருவுக்கே கேக்குது, கத்தாத” என்றார். அவர் குரலும் ஒன்றும் மெலிசாக இல்லை.

அந்த வாரம் முழுக்க உப்பு வறுப்பதுதான் எங்கள் அடுப்புக்கு வேலை. பொழுது சாயும்போது ஒரு டப்பா, விடிந்ததும் ஒரு டப்பா. எதிர்வீட்டுக்காரி வந்து, “இன்னாக்கா, ஊரே பொங்கலுக்கு வெல்லம் வாங்குது, நீ உப்ப வறுத்துனே இருக்க” என்றாள். “எங்க வீட்ல பிரசவம்டி” என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், கட்டிலில் இருந்த கிழவரையும் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

போகிக்கு ரெண்டு நாள் இருக்கையில், காலை வேளை, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கொட்டாயிலிருந்து சத்தம்.

“ஏமே! ஏமே! ஓடியா! ஓடியா மே!”

சாம்பல் கையோடு ஓடினேன். இந்த வயசில் நான் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் வைக்கோல்மேல் ஒரு குட்டி. எலிக்குஞ்சு மாதிரி செக்கச்செவேலென்று, கண் மூடி, மயிர் இல்லாமல் இருக்கும் என்றுதானே நினைத்திருந்தேன்? அய்யோ, அது முழு ஆள்! உடம்பு பூராவும் மயிர், ரெண்டு கண்ணும் திறந்து திருதிருவென்று முழிக்கிறது, வாயில் பல்! நான் பார்க்கப் பார்க்க எழுந்து நாலடி நடந்து, அப்பன் இருக்கிற வலையில் போய் முட்டி நின்றது. ஐந்து பிள்ளை பெற்றேன், ஒவ்வொன்றும் நடக்க ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. இது பிறந்த ஈரம் காயவில்லை, ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டது!

“இன்னொண்ணு வருது, இன்னொண்ணு வருது” என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ரெண்டாவது வந்தது. தாய் அதை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூணாவதும் வந்துவிட்டது, பின்பக்கம், பலகை ஓரத்தில். தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஈரத்தோடு கிடந்தது. அசையவில்லை.

கையை விட்டு எடுத்தேன். என் கட்டை விரல் நீளம். முகத்தில் மூடியிருந்த சவ்வை விலக்கினேன். புடவைத் தலைப்பால் முதுகைத் தேய்த்தேன். மூச்சு தெரியவில்லை.

“உடு மே, அது போயிடுச்சி” என்றார் மெதுவாக. “ரெண்டு இருக்குதில்ல.”

“நீ சும்மா இரு.”

டப்பாமேல் துணியோடு வைத்துத் தேய்த்தேன். திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். அது ஒரு தும்மல் போட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய தும்மல்! பிறகு ‘கீ’ என்று ஒரு சத்தம். தாய் சடாரென்று திரும்பியது. கொண்டுபோய் முன்னால் வைத்தேன், நக்க ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தூசு” என்றார்.

“ஆமா ஆமா, தூசு.”

பேத்திக்கு நாங்கள் போனில் சொல்லவில்லை. அந்த ரெண்டு நாளும் சாயங்காலம் போன் அடிக்கும்போது, “சார்ஜ் இல்ல கண்ணு, வந்து நேர்ல பாத்துக்க” என்று வைத்துவிடுவேன். அங்கே அவள் என்ன நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போகியன்று பைக் வாசலில் நிற்பதற்குள் குதித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டாய்க்கு ஓடினாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. பின்னாலேயே நாங்கள் போனோம்.

வலைமுன் உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது.

“ஒண்ணு. ரெண்டு.” அப்படியே மூச்சை விட்டாள். வைக்கோல் ஆடியது. “ஆயா... மூணு. ஆயா! நாலு! ஆயா, அஞ்சு!”

அப்புறம் அவள் போட்ட சத்தத்துக்குக் குட்டிகள் மூணும் தாய்க்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

மகன் எட்டிப் பார்த்தான். “அம்மா, நான் ரெண்டுதான விட்டுட்டுப் போனேன்?”

“கடையில குடுக்குறேன்னு சொன்னியே, இப்ப சொல்லு பாக்கலாம்” என்றேன்.

“தோத்துட்டேம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டு, “பாண்டிலயே ஒரு ஃப்ரெண்டு வீட்டு மாடில எடம் இருக்குது. குளிரு முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடட்டுமா? உனக்கும் அப்பாவுக்கும் எதுக்குச் சிரமம்?” என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பாய்ச்சல்.

“எங்கடா எடுத்துட்டுப் போவ? மாடிலயா? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுமா உன் ஃப்ரெண்டுக்கு? ஓலை போடத் தெரியுமா? மொதல்ல உப்பு வறுக்கத் தெரியுமாடா உனக்கு?” மூச்சு இழுக்க இழுக்கப் பேசுகிறார் மனுஷர். “வர்றப்பல்லாம் வந்து பாத்துட்டுப் போ. பெட்டி என்னுது.”

பேத்தி தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெட்டியைக் காலி பண்ணிச் சீமை எலிக்குக் கொடுத்தது யார் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது மாசி. வாடை ஓய்ந்துவிட்டது, அளத்தில் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். ஆண் குட்டிகள் ரெண்டு அப்பனோடு வலைக்கு அந்தப் பக்கம், தும்மல் போட்டுப் பிழைத்த பெண் குட்டி தாயோடு இந்தப் பக்கம். பக்கத்து ஊர் கூனிமேட்டிலிருந்து ஒரு அம்மா ரெண்டு தடவை வந்து, தன் பிள்ளைகளுக்கு ஆண் குட்டிகளைக் கேட்டுவிட்டாள். தருவேன். ஆனால் அவள் வீட்டுப் பின்பக்கத்தை நான் நேரில் போய்ப் பார்த்து, கையை நீட்டிக் காற்றுப் பார்த்த பிறகுதான் தருவேன். உப்புச் சாக்கு வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்பேன். தும்மல்காரியை யாருக்கும் தரமாட்டேன், அதைக் கேட்டு யாரும் வரவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை என்று பேத்தி வந்திருக்கிறாள். கொட்டாயில் தாத்தாவோடு உட்கார்ந்து கொய்யாப்பழம் அரிந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கை வலிக்கிறது, எழுதினது போதும்.

இந்தா கண்ணு, கையத் தொடச்சிட்டு வா. இத வாங்கி மொதல்லருந்து சத்தமாப் படி. தப்பு இருந்தா இருக்கட்டும், நிறுத்தாத. அந்தக் கோணி வர்ற எடத்துல மட்டும் தாத்தாவுக்கு நல்லாக் கேக்குற மாதிரி படி.